ஒரு பகல் மட்டும் புகைந்த சிம்னி

தரணி உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே நாலு வாய் போட்டுக்கொள்வாள். பஸ் வருகிறவரை நிழலில் நிற்க மாட்டாள். அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடப்பாள். "இவளுக்கு ஒரு எடத்துல கால் தங்காது. கட்டிக்கறவன் பாவம்" என்று அவள் அப்பா நாகையா அடிக்கடி சொல்வார்.

சத்தியவேட்டுக்கு மேற்கே நரிமிட்டா என்ற சின்ன ஊர் அவர்களுடையது. வீட்டில் தமிழும் மண்டல ஆபீசில் தெலுங்குமாகப் பேசிப் பிழைக்கிற விவசாயக் குடும்பங்கள். ஊருக்குத் தெற்கே வேர்க்கடலைக் கொல்லைகள், நாலைந்து மாந்தோப்புகள், அதற்கும் அப்பால் ஆடுமாடு மேய்கிற கல்லுமேடு. அத்தனையையும் அனல்மின் நிலையத்துக்காக ஒரு தனியார் கம்பெனி எடுக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது தரணி இண்டர், அதாவது ப்ளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலேஜிலிருந்து வரும்போது பார்த்தால், அவர்கள் கொல்லைக்கு நட்டநடுவே சிவப்புப் பெயிண்ட் அடித்த சர்வே கல் ஒன்று நின்றது. கடலைச் செடி பூவிட்டிருந்த சமயம். பையை வரப்பில் வைத்தாள். கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். இடுப்பில் வைத்துத் தூக்கிப் போய்க் கிணற்றில் போட்டுவிட்டாள்.

மறுநாள் கிராம வருவாய் அதிகாரியான விஆர்ஓ வந்து கத்தினார். நாகையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "எங்க நைனாவ ஏன் கேக்கறீங்க? நான்தான் போட்டேன்" என்று தரணி முன்னால் வந்தாள். விஆர்ஓவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு கல்லத் தூக்கிப் போட்டா பிளாண்டு நின்னுடுமாம்மா?"

நிற்கத்தான் இல்லை. ஷாமியானா போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். வேண்டும் என்றவர்களும் கத்தினார்கள், வேண்டாம் என்றவர்களும் கத்தினார்கள். கிருஷ்ணபட்டணத்தில் கப்பலில் இறங்குகிற நிலக்கரி இங்கே ரயிலில் வரும், நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று மைக்கில் சொன்னார்கள். நாகையா கடைசிவரை முரண்டு பிடித்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்ட பிறகு அவருடைய கொல்லைக்கு ஏர் ஓட்டிப் போகவே வழி இல்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஒரு வேலை என்றால் அது மகனுக்குத்தான். தரணியின் தம்பி அருள்குமாருக்கு பிளாண்டு ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. சொந்தக் கொல்லையில் அடுத்தவனுக்கு சலாம் போடுவதா என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வண்டி ஓட்டப் போய்விட்டான். அதற்குள் தரணிக்கு நகரியில் கல்யாணமாகி ஹரிதா என்றொரு பெண்ணும் பிறந்திருந்தாள். புருஷன் தனசேகர் விசைத்தறிக்காரன், நிதானமான ஆள். நாலு தறிக்கு நடுவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே பத்தடியில் போய்வருவது தரணிக்கு மூச்சு முட்டியது. தம்பி வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்றே நரிமிட்டாவுக்கு பஸ் ஏறினாள்.

"அந்த வேலைக்கு நான் போறேன் நைனா."

"பொம்பள போயி அங்க இன்னா பண்ணுவே?"

"அவுங்க இன்னா சொல்றாங்களோ அத்தப் பண்றேன்."

செக்யூரிட்டி வேலை கொடுத்தார்கள். நீலச் சட்டை, தொப்பி, ஒரு விசில். தரணி அப்பா வீட்டில் தங்கிக்கொள்ள, தனசேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹரிதாவைக் கூட்டிக்கொண்டு நகரியிலிருந்து வந்து போனான்.

அப்போது அங்கே திருவிழாக் கூட்டம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆட்கள் தகரக் கொட்டகைகளில் நிறைந்திருந்தார்கள். சிம்னி நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனது. நாகலாபுரம் ரோட்டில் வந்தாலும் தெரிந்தது, சத்தியவேட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்தும் தெரிந்தது. ஒரே ஒரு ரயில் நிலக்கரி வந்து கொட்டிக் குன்று மாதிரி நின்றது. ஒருநாள் காலையில் கொதிகலனில் எண்ணெய் விட்டுக் கொளுத்திப் பார்த்தார்கள். சிம்னி உச்சியிலிருந்து முதலில் வெள்ளையாகவும் பிறகு சாம்பல் நிறமாகவும் புகை கிளம்பியது. ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. எதிர்த்துக் கத்தியவர்களில் ஒருவரே தேங்காய் உடைத்தார். சாயங்காலம் புகை நின்றுவிட்டது. மறுபடி வரவே இல்லை.

முதலில் ஏதோ குழாயில் கசிவு என்றார்கள். அப்புறம், கரிக்கு ஒப்பந்தம் ஆகவில்லை என்றார்கள். கடைசியில் கம்பெனியே நொடித்துப்போய் விவகாரம் ஐதராபாத் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். கொட்டகைகள் காலியாயின. மிச்சமிருந்தது சிட்டிபாபு என்ற இன்சார்ஜும் ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற செக்யூரிட்டிகளும்தான். தரணியும் அதில் ஒருத்தி.

அடுத்த மாசம் ஸ்டார்ட் ஆகும், உகாதிக்கு ஸ்டார்ட் ஆகும், எலக்சன் முடிந்ததும் ஸ்டார்ட் ஆகும் என்று பேச்சு மட்டும் ஓயவில்லை. நிலத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே டீக்கடையில் சொல்வதைத் தரணி கேட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனால் நாகையா, "இன்னைக்கு எதுனா சொன்னாங்களா?" என்பார். "ஒண்ணும் சொல்லல" என்பாள். தினமும் இதே கேள்வி. சில நாள் நேரே பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

மற்ற செக்யூரிட்டிகள் கேட்டில் வேப்பமரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தரணி மதில் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வருவாள். வெயில் காலத்தில் கரிக்குன்று தானாகவே கனன்று அடியிலிருந்து புகையும். யாரும் சொல்லாமலேயே ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பாள். அணைந்த மாதிரி இருக்கும். ரெண்டு நாளில் வேறு பக்கம் புகையும். "வுடும்மா, எரிஞ்சி தீரட்டும்" என்பார் சிட்டிபாபு. அவளால் விட முடியவில்லை.

இதற்கு நடுவில் அருள்குமார் சென்னையிலிருந்து திரும்பி வந்தான். பழைய குட்டி யானை மினி லாரி ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தான். வாடகை சரியாக ஓடவில்லை. அக்கா யூனிபார்மில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வான். "இன்னா அக்கா, பேய்க்குக் காவலா?"

"நீ வுட்டுட்டுப் போன வேலைடா இது."

"அத்தத்தான் நானும் சொல்றேன். நான் வுட்டுட்டேன். நீ இன்னும் புடிச்சிக்கினு கீறே."

மே மாசத்தில் ஊரில் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழா வந்தது. செக்யூரிட்டிகள் எல்லாரும் லீவு கேட்டார்கள். "நான் பாத்துக்கறேன், போங்க" என்றாள் தரணி. கும்பலில் நின்று கூழ் ஊற்றுவதைவிட மதிலைச் சுற்றி வருவது அவளுக்குச் சுலபம். பகல் உச்சியில், டர்பைன் கட்டடத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது இரும்பில் இரும்பு படுகிற சத்தம் கேட்டது. விசிலை எடுத்து ஊதிக்கொண்டே ஓடினாள். தடித்த ஆள் ஒருவன் கையிலிருந்த கடப்பாரையைப் போட்டுவிட்டு மதிலைத் தாண்டிக் குதித்தான். மதிலுக்கு வெளியே ஒரு மோட்டார்பைக் உறுமிக்கொண்டு போனது. அடுத்த கணம் கீழேயிருந்து அலறல் வந்தது.

தரையில் நீளமாகத் தோண்டி, அதில் தாமிரக் கேபிள்களைப் போட்டு, மேலே கான்கிரீட் பலகைகளால் மூடி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பலகையைக் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க ஒருவன், உள்ளே இறங்கி அறுக்க ஒருவன். பிடித்திருந்தவன் ஓடிவிட்டான். பலகை உள்ளே இருந்தவனின் கணுக்காலில் விழுந்திருந்தது. தரணி குனிந்து பார்த்தாள். அருள்குமார்.

"அக்கா... தூக்குக்கா..."

கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். பலகை அசையவில்லை. படுத்துக்கொண்டு காலால் உதைத்தாள். தோளைக் கொடுத்துப் பார்த்தாள். அவன் பக்கத்தில் அறுத்த கேபிள் துண்டுகள் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தன. மண் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"சார்க்குச் சொல்றேன்டா."

"வாணாம்! போலீஸ்ல குடுத்துடுவாங்க. நைனாவக் கூப்பிடு. ஊராளுங்கள வரச் சொல்லு."

நாகையாவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். சித்தப்பா மகனுக்குப் போட்டாள். தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது; அந்தச் சத்தத்தில் யாருக்குப் போன் கேட்கும்?

"திருடறதுக்கு உனக்கு வேற எடம் கெடைக்கலியாடா?"

வலியிலும் அவன் முறைத்தான். "இது திருட்டா? இந்த எடம் யாருது? நம்ம கொல்லை இதான் அக்கா. கெணறு அங்க இருந்துச்சி, தோ, அந்தத் தூணு கிட்ட. நம்ம எடத்துல சும்மா கெடக்கறத எடுத்தா திருட்டா?"

தரணி சுற்றிலும் பார்த்தாள். இத்தனை வருஷம் சுற்றி வந்த இடம். தங்கள் கொல்லை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்ப்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். அவன் பேச்சு குழறத் தொடங்கியது. உதடு வெளுத்துவிட்டது. அவள் சிட்டிபாபுவுக்குப் போன் போட்டாள்.

அவர் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தார். ரோட்டில் போன டிராக்டர்காரன் ஒருவனையும் கூட்டி வந்திருந்தார். மூன்று பேருமாக நெம்பிப் பலகையைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. வண்டி கிளம்பியதும் சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "போலீசுக்கு நான் சொல்லித்தான் ஆகணும்மா. சொல்லலன்னா நானே சேந்து பண்ணேன்னு ஆயிடும்." மதிலோரம் நிறுத்தியிருந்த குட்டி யானையைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது.

திருப்பதி பெரியாஸ்பத்திரியில் அருள்குமாரின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

கூடப்பிறந்தவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று நரிமிட்டா பேசியது. போன் எடுக்காதவர்களே அதிகம் பேசினார்கள். நாகையா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் போன் வந்தபோது ஜாத்திரையில் சாமி ஆடிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் தான் நின்றிருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம், தம்பிக்கு உள்ளே வர வழி சொன்னது இவள்தான் என்று கம்பெனியில் சந்தேகப்பட்டார்கள். ஒருநாள் போனில் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். ஊருக்கு அவள் கம்பெனிக்காரி, கம்பெனிக்கு அவள் ஊர்க்காரி.

நகரிக்குப் போனாள். தறி ஓட்டினாள். ரெண்டு மாசத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியில் சேர்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று சின்னச் சின்ன ஸ்க்ரூ முடுக்கினாள். அதை விட்டுத் திருமலையில் கியூ லைனில் பெண்களைச் சோதிக்கிற வேலைக்குப் போனாள். அதையும் விட்டாள். எந்த வேலையில் இருந்தாலும் கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பலகையை இன்னும் ஒருமுறை நெம்பியிருந்தால் தூக்கியிருக்கலாமோ என்று தோள் தானாக இறுகும். தூக்கத்திலும் தோளை அசைக்கிறாள் என்று தனசேகர் சொன்னான்.

"எங்க போனாலும் உனக்கு ஒரு மாசம். ரெண்டாவது மாசம் ஜன்னலப் பாக்க ஆரம்பிச்சிடறே" என்றான் அவன். குற்றமாகச் சொல்லவில்லை. "போயி அவனப் பாரு, தரணி. திட்னாலும் வாங்கிக்கினு வா."

அவள் போகவில்லை. போய் நிற்க முகம் இல்லை என்று நினைத்தாள். அப்படியிருக்கும்போதுதான் சம்மன் வந்தது. கேபிள் திருட்டு வழக்கில் முதல் சாட்சி அவள்தான்.

சத்தியவேடு கோர்ட்டு வாசலில் புளியமரத்தடியில் நாகையா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டைக்கோலோடு அருள்குமார். தரணி அந்தப் பக்கம் பார்க்காமல் காம்பவுண்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நடையில் தோன்றும். முகம் தெரியவில்லை, கேபிள் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். திரும்பி வரும்போது, அந்தக் கேபிள் துண்டுகள் சுருண்டு கிடந்தது கண்ணில் நிற்கும். சிட்டிபாபுவும் சாட்சிதான். அவள் பொய் சொன்னால் அவர் சொல்வது பொய்யாகிவிடும். கூப்பிடுகிற வரைக்கும் அவளுக்கு ஒரு முடிவும் வரவில்லை.

கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் தெலுங்கில் ஆரம்பித்தார். அன்றைக்கு டியூட்டியில் இருந்தது நீதானே? ஆமாம். சத்தம் கேட்டு ஓடினாயா? ஆமாம். அங்கே என்ன பார்த்தாய்?

தரணி வாயைத் திறந்தாள். வக்கீல் மறுபடி கேட்டார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மா அக்கனி அடகொத்து சார்!"

எதிர்ப் பக்கத்தில் அருள்குமார் எழுந்து நின்றிருந்தான். கட்டைக்கோல் கீழே விழுந்து கிடந்தது. ஒற்றைக் காலில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். "நேனே கோசினானு" என்றான். எங்க அக்காவைக் கேட்காதீர்கள், அறுத்தது நான்தான் என்று. அவனுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி அவனைப் பார்த்து, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். "யோசிக்கறதுக்கு நெறைய நாள் இருந்துச்சி சார். படுத்துக்கினேதான் இருந்தேன்" என்றான் தமிழிலேயே. பிறகு, "எங்க அக்கா போன் போடலன்னா நான் அங்கயே செத்துருப்பேன். அத்த யாரும் எழுதிக்கல" என்றான்.

காலும் போய், ஜாமீனுக்கு முன்னால் கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்தும் வந்தவன், குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டான். இருந்த காலத்தையே தண்டனையாக வைத்து, ஒரு அபராதத்தோடு விட்டுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் தரணி கீழே கிடந்த கட்டைக்கோலை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். தரணி தன்னையறியாமல் வேகமாக நடந்து முன்னால் போய்விட்டாள். "அக்கா, மெதுவாப் போ. எனக்கு ஒரு கால்தான் கீது" என்று பின்னாலிருந்து கத்தினான் அருள்குமார். அவள் நின்றாள். நடுரோட்டில் நின்று அழுதாள். நாகையா துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "வா, எதுனா துன்னலாம். காலைலேர்ந்து பட்டினியா நடந்துக்கினு கீறே" என்றார். ஓட்டலில் ரெண்டு பேரும் சேர்ந்து அவளை உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார்கள்.

கோர்ட்டு உத்தரவு போட்ட பிறகு குட்டி யானையும் வீட்டுக்கு வந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்று நின்று டயர் வெடித்து, பாடியில் ஓட்டை விழுந்திருந்தது. விற்றுவிடலாம் என்றார் நாகையா. "எங்கிட்ட குடு, நான் ஓட்றேன்" என்றாள் தரணி. அருள்குமார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். கிளட்சை எப்போது விட வேண்டும் என்பதைக் கட்டைக்கோலால் தட்டிக் காட்டுவான். லைசென்சு வாங்கியதும் பலமனேர் மார்க்கெட்டில் தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றி, சித்தூர், புத்தூர், நகரி வழியாக ஸ்ரீ சிட்டி கான்டீன்களில் இறக்கத் தொடங்கினாள். மலையிறக்கம், டோல்கேட், மழை, பஞ்சர். வழியில் நகரியில் வண்டியை நிறுத்தி ஹரிதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். தோள் இறுகுவது கொஞ்சம் குறைந்தது. முழுதும் போகவில்லை.

மின் நிலையத்தை வேறொருவர் ஏலத்தில் எடுத்தார். ஓட்டுவதற்கு அல்ல, உடைத்து விற்பதற்கு. கொதிகலன் துண்டு துண்டாக லாரியில் போனது. சிம்னிக்கு வெடி வைத்த அன்று ஊரை ஸ்கூல் மைதானத்துக்கு அனுப்பினார்கள். சைரன் ஊதியது. சிம்னி அடியில் ஒரு உதறு உதறிச் சாய்ந்து, பாதியில் ரெண்டாக முறிந்து விழுந்தது. புழுதி வந்து எல்லார் மேலும் படிந்தது. யாரும் கை தட்டவில்லை. "இனிமே எத்தப் பாத்து வழி சொல்றது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

லாரிகள் போவதற்காக மதிலைப் பல இடங்களில் இடித்திருந்தார்கள். ஆடுகள்தான் முதலில் உள்ளே போயின. முதல் மழைக்கு ஊர்க்காரர்கள் சிலர் ஏர் பூட்டினார்கள். நிலம் இன்னும் யார் பேரில் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அரசாங்கம் வேறு பாக்டரிக்குத் தரும் என்றும் பேச்சு. நாகையாவும் டிராக்டர் கூப்பிட்டார். பழைய கொல்லையின் பெரும்பகுதியில் கான்கிரீட். கலப்பைக் கொழு ஒன்று மளுக்கென்று உடைந்தது. தூண்களுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம் மட்டும் மண்ணாகக் கிடைத்தது. அதில் வேர்க்கடலை போட்டார்கள். அருள்குமார் வரப்பில் ஒரு கூரை போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தான்.

செடி காய் பிடிக்கிற சமயத்தில் ஒருநாள் தரணி லோடோடு புத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஓரமாக வண்டியை நிறுத்தி எடுத்தாள்.

"அக்கா, மண்டல ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்துக்கீறாங்க. யாரக் கேட்டுப் பயிர் வெச்சீங்கன்றாங்க. ஜேசிபியும் வந்துக்கீது. நைனா குறுக்கப் படுத்துக்கினு கீறாரு."

"அவுங்ககிட்ட காய் பிடுங்கறவரைக்கும் டைம் கேளு. சண்டை போடாத."

"கேட்டா சிரிக்கறாங்க. நீ எங்க கீறே?"

"வந்துக்கினே கீறேன். நான் வர்றவரைக்கும் பேசிக்கினே இரு. நிறுத்தாத."

தக்காளி கான்டீனுக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் ஒன்று இருந்தது. அவள் அதை நினைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்து, கியரைப் போட்டு, ஊருக்குப் போகிற ரோட்டில் திருப்பினாள்.